மீன் கூறும் அறை விலையும்: விடுமுறைச் செயலிகள் எப்படிக் கணக்குப் போடுகின்றன

போன வருஷம் ஆகஸ்ட் விடுமுறைக்கு ஊருக்கு வரவிருந்த சின்னம்மா, அதற்கு இரண்டு மாதம் முந்தியே பாசிக்குடாக் கடற்கரையில் தங்க அறை தேடிவிட்டு, கனடாவிலிருந்து வாட்ஸ்அப்பில் புலம்பினார். "மனே, ராவு பார்க்கக்குள்ள பாசிக்குடாவில அந்த ரூம் பதினெட்டாயிரம். விடிஞ்சு பார்த்தா இருபத்திமூண்டு. நான் ஆசைப்பட்டுட்டன் எண்டு இவனுகளுக்கு எப்படித் தெரிஞ்ச?"

இந்தச் சந்தேகம் சின்னம்மாவுக்கு மட்டும் வந்ததில்லை. எங்கள் மட்டக்களப்புக் கல்லடியில் எந்தத் தேநீர்க் கடையில் உட்கார்ந்தாலும் இதே பேச்சுத்தான். திரும்பத் திரும்பப் பார்த்தால் செயலி விலையை ஏற்றிவிடும் என்பார் ஒருவர். போன் நம் பேச்சை ஒட்டுக்கேட்டு விளம்பரம் அனுப்புகிறது என்பார் அடுத்தவர். முதலாவதாக வரும் ஹோட்டல்தான் நல்ல ஹோட்டல் என்று மூன்றாமவர் தீர்ப்புச் சொல்லிவிட்டு பிளேன்டீயை முடிப்பார். மூன்றிலும் துளி உண்மை இருக்கிறது. ஆனால் அது இருக்கும் இடம் வேறு. விலை ஒரு கணக்கு, வரிசை இன்னொரு கணக்கு, விளம்பரம் மூன்றாவது கணக்கு. மூன்றையும் ஒன்றாகக் குழைப்பதால்தான் குழப்பம்.

## கரையில் விலை நகரும், ஸ்டேஷனில் வரிசை நீளும்

விடியற்காலையில் போட் வந்ததும் கரையில் கூறு போட்ட பாரைக்கு ஒரு விலை. பத்து மணிக்கு வேறு விலை. வெயில் ஏறி, ஐஸ் கரைந்து, கூறின் ஓரத்தில் தண்ணீர் வடியத் தொடங்கினால் வியாபாரியே "பார்த்துத் தந்துட்டு எடுத்துட்டுப் போங்க" என்பார். வெள்ளிக்கிழமை ஊரில் பாதி வீடு மரக்கறி. அன்றைக்கு மீன் இறங்கும். வாடைக்காற்றில் கடல் கொந்தளித்து போட் தள்ள முடியாத கிழமையில் கீரிமீனுக்குக்கூட மரியாதை கூடிவிடும். இதை யாரும் மோசடி என்பதில்லை.

ஹோட்டல் அறையும் மீன் மாதிரித்தான். ஒரு விஷயத்தில் மீனைவிட மோசம். விற்காத மீனைக் கருவாடு போடலாம். ஆள் வராத இரவைக் கருவாடு போட முடியாது. விமானத்தில் காலியாகப் பறந்த இருக்கையும் அப்படியே.

இப்போது ஸ்டேஷனுக்கு வருவோம். மட்டக்களப்பிலிருந்து கொழும்பு போகும் உதயதேவியின் கட்டணம் சாதாரணப் புதன்கிழமையும் ஒன்றுதான், பள்ளி விடுமுறை முடியும் ஞாயிற்றுக்கிழமையும் ஒன்றுதான். விலை அசையாதபடியால் அங்கே வரிசை அசைகிறது. முந்தியவருக்கு இருக்கை, பிந்தியவருக்கு நான்கு பேர் நிற்கும் கதவடி. மீன் கரையில் வரிசை கிடையாது, காசுள்ளவருக்கு எந்நேரமும் மீன் உண்டு. ஆள் கூடும்போது விலை அல்லது வரிசை, இரண்டில் ஒன்று நகர்ந்தே தீரும்.

இருப்பையும் தேவையையும் பார்த்து ஒரே பொருளின் விலையை அடிக்கடி மாற்றுவதை மாறும் விலை என்கிறோம். இதைச் செயலிகள் கண்டுபிடிக்கவில்லை. 1978இல் அமெரிக்கா விமானக் கட்டணங்கள் மீதான அரசுக் கட்டுப்பாட்டை நீக்கச் சட்டம் கொண்டுவந்தது. மலிவு விமானக் கம்பனிகள் முளைத்தன. அவற்றோடு போட்டிபோட அமெரிக்கன் எயார்லைன்ஸ் 1985இல் ஒரு வழி எடுத்தது: முன்கூட்டியே வாங்குபவருக்கு மிக மலிவு, கடைசி நாளில் ஓடிவரும் வியாபாரிக்கு முழு விலை. எத்தனை இருக்கையை மலிவில் விடுவது, எத்தனையைப் பிந்தி வருபவருக்காகப் பொத்திவைப்பது என்பதைக் கணினி கணக்குப் பார்த்தது. மூன்று வருடத்தில் இதனால் 140 கோடி டொலர் கூடுதலாகக் கிடைத்ததாக அந்தக் கம்பனியே கணக்குக் காட்டியது. ஹோட்டல்கள் சும்மா இருக்குமா? அதே வித்தையை எடுத்துக்கொண்டன. இன்றைய செயலி அதைப் பாசிக்குடாவின் பத்து அறை விடுதிக்கும் கொண்டுவந்திருக்கிறது.

## சின்னம்மாவின் ஐயாயிரம் எங்கே போனது?

ஒரு கணக்குக்காக, விடுதியில் எட்டு அறை என்று வையுங்கள். உரிமையாளர் முதல் மூன்றை 18,000க்கு விடுகிறார், அடுத்த மூன்றை 23,000க்கு, கடைசி இரண்டை 28,000க்கு. இப்படி ஒரே மாதிரியான இடங்களை விலைவாரியாகப் பிரித்து வைப்பதற்கு விலைப் படி என்று பெயர் வைப்போம். சின்னம்மா படுக்கப் போகும்போது முதற்படியில் ஒரு அறை மிச்சம். அவர் தூங்கும் நேரத்தில் கொழும்பிலோ கண்டியிலோ ஒருவர் அதை எடுத்துவிட்டார். விடிந்ததும் திரையில் இரண்டாம் படி. செயலிக்குச் சின்னம்மாவின் ஆசை தெரிய வேண்டிய தேவையே இல்லை, எண்ணத் தெரிந்தால் போதும்.

படி மாறாமலும் தொகை மாறலாம். விலை டொலரில் போட்டிருந்தால் நாணய மாற்று அசைந்திருக்கும். வரி சேர்ந்த தொகையும் சேராத தொகையும் வெவ்வேறு பக்கத்தில் வந்திருக்கும்.

அப்படியானால் ஆளைப் பார்த்து விலை வைப்பதே கிடையாதா? கூக்கீ என்பது நீங்கள் ஒரு தளத்துக்கு வந்துபோனதை நினைவில் வைக்க, அந்தத் தளம் உங்கள் கருவியில் விட்டுப்போகும் சிறு குறிப்பு. அமெரிக்க நுகர்வோர் அமைப்பான கன்சியூமர் ரிப்போர்ட்ஸ் 2016இல் கூக்கீ உள்ள கணினியிலும் துடைத்தெடுத்த கணினியிலும் ஒரே நேரத்தில் விமானக் கட்டணம் தேடிப் பார்த்தது. 372 தேடலில் 42இல்தான் வித்தியாசம். அந்த 42லும் சில இடத்தில் கூடியிருந்தது, சில இடத்தில் குறைந்திருந்தது. "திரும்பப் பார்த்தால் ஏறும்" என்ற விதி அதில் தெரியவில்லை.

இந்தக் கதைக்கு நெருப்பு மூட்டியது 2012இல் வந்த ஒரு செய்தி. ஓர்பிட்ஸ் என்ற பயணத் தளம், அப்பிள் மக் கணினி வைத்திருப்பவர்களுக்கு விலை கூடிய ஹோட்டல்களை முன்னால் காட்டியது என்று வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல் எழுதியது. மக் வைத்திருப்பவர்கள் ஹோட்டலுக்குக் கூடுதலாகச் செலவழிக்கிறார்கள் என்பது தளத்தின் கணிப்பு. நுணுக்கத்தைக் கவனியுங்கள்: ஒரே அறைக்கு இரண்டு விலை போடவில்லை, எந்த அறையை முதலில் காட்டுவது என்பதைத்தான் மாற்றினார்கள். கடைக்காரர் உங்கள் சட்டையைப் பார்த்துவிட்டு எந்தச் சேலைக் கட்டை முதலில் விரிப்பது என்று முடிவெடுப்பாரே, அதுதான்.

கணக்குத் திறந்து உள்நுழைந்தவருக்கு, அல்லது போன் வழியாக வருபவருக்கு என்று தனி விலை உண்டு. ஆனால் அது கழிவாகத்தான் வரும், வெளிப்படையாகவே எழுதியிருக்கும். அந்தக் கழிவு பெரும்பாலும் விடுதிக்காரரின் சட்டைப்பையிலிருந்து போகிறது என்பது வேறு விஷயம்.

*இதுவரை:* விலை ஏறுவது பெரும்பாலும் இருப்புக் குறைவதால். உங்கள் அடையாளம் அதிகம் வேலை செய்யும் இடம், எது முதலில் கண்ணில் படுகிறது என்பது.

## சீசனை யார் கூப்பிடுகிறார்?

எங்கள் பக்கத்தில் சீசனின் முதல் முதலாளி காற்று. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேற்குக் கரையை நனைக்கும்போது இங்கே கச்சான் காற்று அடித்து மண் காய்கிறது. பாசிக்குடாக் கடல் தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீர் மாதிரிக் கிடக்கும். அறுகம்பையில் அலைச் சறுக்கு ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை. இலங்கை பற்றிய பொது விளம்பரங்களோ "டிசம்பர் முதல் மார்ச் வரை வாருங்கள்" என்கின்றன. அது தெற்குக்கும் மேற்குக்கும் உரிய சீசன். அதை நம்பி டிசம்பரில் மட்டக்களப்பு வந்தவர் வடகீழ்ப் பருவமழையைத்தான் பார்ப்பார். 2011 ஜனவரி வெள்ளத்தை அனுபவித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது முதலாளி நாட்காட்டி. ஆகஸ்ட் பள்ளி விடுமுறை, வெளிநாட்டுச் சொந்தங்கள் வரும் மாதம், மாமாங்கத்து ஆடி அமாவாசைத் தீர்த்தம், ஒகந்தையிலிருந்து குமணக் காட்டுப் பாதை கதிர்காம யாத்திரிகருக்குத் திறக்கும் சில நாட்கள், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் காத்தான்குடி, கல்முனை, சம்மாந்துறைக் குடும்பங்கள் வான் வண்டியில் அடைந்து கடற்கரைக்குப் புறப்படும் பின்னேரம்.

செயலி மூன்றாவதாக வந்து சேர்ந்தது. காற்றை அதனால் மாற்ற முடியாது. ஆட்களை ஒரே வாரத்துக்குள் நெருக்கித் தள்ள முடியும். போன வருடம் எந்தத் தேதிகளில் தேடல் கூடியது என்று அதற்குத் தெரியும். அந்தத் தேதிகளுக்கு முன்னதாகவே "அறைகள் வேகமாக நிரம்புகின்றன" என்று அறிவித்தல் அனுப்பும். அதைப் பார்த்தவர் அவசரப்பட்டு எடுப்பார். நிரம்புவதைக் கண்டு விலை ஏறும். ஏறுவதைக் கண்டு அடுத்தவர் அவசரப்படுவார். இப்படித் தன் விளைவே தனக்குக் காரணமாகச் சுற்றுவது பின்னூட்டச் சுழல். பெட்ரோல் வரிசையில் நின்ற 2022ஐ நினைத்தால் போதும். வரிசையைப் பார்த்துத்தானே நாமும் போய் நின்றோம்.

இந்த இடத்தில் ஊர்க்காரருக்கு ஒரு சாதகம் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. ஹஜ்ஜுப் பெருநாள் ஆங்கில நாட்காட்டியில் வருடத்துக்குப் பத்து, பதினொரு நாள் முன்னுக்கு நகரும். ஆடி அமாவாசை நிலவைப் பார்த்து இடம் மாறும். "போன வருடம் இதே தேதி" என்று மட்டும் பார்க்கும் கணக்கு இந்த நாட்களில் சறுக்கும். கூட்டம் வரப்போகும் நாளில் மலிவு விலை தொங்கும், கூட்டம் போன பிறகு விலை ஏறி நிற்கும். பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த விடுதிக்காரர் கையால் விலையைத் திருத்திவிடுவார். தெரியாதவர் செயலி சொன்ன விலையிலேயே விட்டுவிடுவார். அந்த அறைகளை எங்கள் ஊர் மாமிமார் எப்படியோ கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

## மேலே இருக்கும் பெயர்

பொத்துவிலில் பஸ்ஸை விட்டு இறங்கும் வெள்ளைக்காரரை ஆட்டோக்காரர் ஒரு விடுதிக்குக் கூட்டிப்போகிறார். "நல்ல இடம், நம்ம ஆள்" என்பார். இடம் நல்லதாகவே இருக்கலாம். விடுதிக்காரர் அவருக்குக் கொமிசன் கொடுப்பதும் உண்மை. செயலியின் பட்டியலில் யார் மேலே, யார் கீழே என்று தீர்மானிக்கும் தரவரிசை இந்த ஆட்டோக்காரரைப் போன்றது. தூரம், விருந்தினர் மதிப்பெண், படங்கள், எத்தனை பேர் பார்த்துவிட்டு எடுத்தார்கள் என்பதெல்லாம் கணக்கில் சேரும். கொமிசனும் சேரும்.

கொமிசன் என்பது ஒவ்வொரு பதிவிலும் விடுதிக்காரர் தளத்துக்குக் கொடுக்கும் பங்கு. பெரிய தளங்களில் 15 வீதத்தை ஒட்டி இருப்பது வழமை. 20,000 ரூபாய் அறை என்றால் 3,000 அங்கே போகும். கூடுதல் வீதம் கொடுத்தால் பட்டியலில் மேலே ஏற்றும் திட்டங்களும் உண்டு. புக்கிங் டொட் கொம்மில் கட்டைவிரல் அடையாளத்தோடு வரும் விருப்பப் பங்காளர் திட்டம் அவற்றில் ஒன்று.

இது எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அவுஸ்திரேலிய வழக்கொன்று நல்ல உதாரணம். ட்ரிவாகோ பல தளங்களின் விலையை ஒப்பிட்டுக் காட்டும் சேவை. மலிவான விலையைக் கண்டுபிடித்துத் தருவதாக விளம்பரம் செய்தது. நீதிமன்றத்தில் அதன் கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது, ஒவ்வொரு சொடுக்குக்கும் யார் கூடுதலாகக் காசு கொடுக்கிறார் என்பதற்குப் பெரிய எடை இருந்தது தெரிந்தது. பட்டியல்களில் 66.8 வீதத்தில், மேலே எடுத்துக் காட்டிய விலையைவிட மலிவான விலை வேறு இடத்தில் இருந்தது. 2022இல் 4 கோடி 47 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதிக்கப்பட்டது.

முதலாவதாக வருவது முதற்தரம் என்று நினைக்கும் நம் தேநீர்க்கடை நண்பர், ஆட்டோக்காரரின் வாக்கை வேதவாக்காக எடுப்பவரைப் போன்றவர். பரிந்துரை பொய் என்று சொல்ல வரவில்லை. யார் காசு கொடுத்துச் சொல்லவைக்கிறார் என்பதைக் கேட்டுவிட்டு நம்பலாம்.

## "ஒரே ஒரு அறைதான் மிச்சம்"

இரண்டு வருடத்துக்கு முன் அறுகம்பையில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு, சும்மா ஒரு விளையாட்டுக்கு அதே விடுதியைப் போனில் தேடினேன். "இந்தத் தேதியில் 1 அறை மட்டுமே மிச்சம்" என்று சிவப்பு எழுத்து. தலையை நிமிர்த்தினேன். காக்கா என்று நாங்கள் கூப்பிடும் விடுதிக்காரரின் முதுகுக்குப் பின்னால் பலகையில் திறப்புகள் தொங்கின. எண்ணினேன், ஐந்து. ஒவ்வொன்றிலும் சிரட்டையில் வெட்டிய இலக்கம்.

"காக்கா, ஒண்டுதான் மிச்சமாமே?"

சிரித்தார். "தம்பி, எட்டு ரூம்ல ரெண்டத்தான் அதுக்குக் குடுத்திருக்கன். அதுல ஒண்டு போயிட்டு. மத்தது நம்மட வழமையான ஆக்களுக்கு."

செயலி பொய் சொல்லவில்லை. தன் கையிலிருந்த ஒரு அறையைத்தான் சொன்னது. ஆனால் வாசிப்பவர் விடுதியே நிரம்பிவிட்டதென்று எடுத்துக்கொள்வார். இருப்புக் குறைவைக் காட்டி அவசரப்படுத்தும் இந்த வேலைக்குப் பெயர் அவசர விற்பனை. ஐரோப்பிய ஆணையத்தின் வற்புறுத்தலில் 2019 டிசம்பரில் புக்கிங் டொட் கொம் ஒப்புக்கொண்டவற்றுள் இதுவும் ஒன்று: "கடைசி அறை" என்றால் அது தம் தளத்தில் மட்டும்தான் என்று தெளிவாகச் சொல்வது. ஹங்கேரி 2020இல் அதே நிறுவனத்துக்கு 250 கோடி போரின்ட் தண்டம் போட்டதற்கு, வாங்குபவரை நெருக்கும் வாசகங்களும் ஒரு காரணம்.

பிரித்தானியப் போட்டி ஆணையம் 2019இல் ஆறு தளங்களிடம் வாங்கிய வாக்குறுதிகள் எனக்குப் பிடித்தவை. தந்திரங்களின் பட்டியலே அதில் தலைகீழாக இருக்கிறது. "இன்னும் பலர் பார்க்கிறார்கள்" என்று காட்டினால், அவர்கள் வேறு தேதிக்குப் பார்ப்பவர்களாக இருக்கலாம் என்பதை மறைக்கக் கூடாது. வார இறுதி விலையோடு வாரநாள் விலையை ஒப்பிட்டுக் கழிவு என்று சொல்லக் கூடாது. கட்டாயக் கட்டணம் எல்லாம் முதலிலேயே தெரிய வேண்டும். கொமிசன் வரிசையைப் பாதித்தால் அதைச் சொல்ல வேண்டும். இவை அந்தந்த நாட்டு வாசகருக்கான விதிகள். இங்கிருந்து பார்க்கும் நமக்கும் அதே அளவு தெளிவு கிடைக்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.

*இதுவரை:* விலை இருப்பைப் பார்க்கிறது. வரிசை கொமிசனையும் பார்க்கிறது. சிவப்பு எழுத்து உங்கள் பதற்றத்தைப் பார்க்கிறது.

## போன் ஒட்டுக்கேட்கிறதா?

கரையில் மீன் ஏலம் கூறுவதைக் கேட்டிருப்பீர்கள். நீங்கள் ஒரு செய்திப் பக்கத்தைத் தொட்டதும், அது திறப்பதற்குள், நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் அதே மாதிரி ஏலம் ஒன்று நடந்து முடிகிறது. ஏலப்பொருள் உங்கள் திரையிலுள்ள ஒரு சிறு கட்டம். "இவர் நேற்றுப் பாசிக்குடா அறை பார்த்தவர்" என்று தெரிந்த கம்பனி கூட விலை கேட்கும், வெல்லும். பார்த்துவிட்டு வாங்காமல் போனவரைத் தேடிப்பிடித்து மறுபடி காட்டும் இதற்கு மறு இலக்கு விளம்பரம் என்று பெயர்.

இதற்கு மைக் தேவையில்லை. அமெரிக்காவின் நோர்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் 17,000க்கும் மேற்பட்ட அன்ட்ரொயிட் செயலிகளைச் சோதித்தார்கள். இரகசியமாக ஒலியைப் பதிந்து அனுப்பிய செயலி ஒன்றும் அகப்படவில்லை. சில செயலிகள் திரையில் நடப்பதைப் படமெடுத்து அனுப்பியது அகப்பட்டது, அது தனிக் கவலை. வாயால் மட்டும் பேசிய விஷயம் விளம்பரமாக வந்தால், வீட்டில் வேறு யாராவது தேடியிருப்பார்கள். ஒரே வைஃபையில் இருக்கும் போன்களை ஒரு வீடாகக் கணிப்பது விளம்பரக் கம்பனிகளுக்குக் கடினமில்லை.

## சின்னம்மா செய்தது

நான் சொன்னபடி விடுதியின் இலக்கத்தைத் தேடியெடுத்து நேரே கதைத்தார். 15 வீதம் மிச்சமாகும் என்றால் இரண்டு பக்கமும் பங்கு போட இடமிருக்கிறது. சில விடுதிக்காரர் "செயலியில் போட்டதைவிடக் குறைத்துத் தர முடியாது" என்பார்கள். அது சாக்கு அல்ல. அப்படி ஒப்பந்தத்தில் எழுதுவதுண்டு, விலைச் சமன் நிபந்தனை என்பார்கள். ஐரோப்பாவில் புக்கிங் டொட் கொம் 2024இல் அதைக் கைவிட்டது. மற்றது, "மொத்தமா எவ்வளவு?" என்று கேட்கச் சொன்னேன். 10 வீத சேவைக் கட்டணமும் 18 வீத வற் வரியும் பிறகு சேர்ந்தால் 20,000 ரூபாய் அறை 25,000ஐத் தாண்டிவிடும். தேசிய அடையாள அட்டை உள்ளவருக்குத் தனி விலை வைத்திருக்கும் இடங்களும் உண்டு, ஆகவே பதிவை ஊரிலிருக்கும் அக்காவின் பெயரில் போட்டார்கள். தேதியை வெள்ளியிலிருந்து செவ்வாய்க்கு நகர்த்தியதுதான் எல்லாவற்றையும்விடக் காசு மிச்சம் பிடித்தது.

வந்தார், இரண்டு இரவு தங்கினார், இடுப்பளவுத் தண்ணீரில் பிள்ளைகளோடு அரை மைல் நடந்தார், போய்விட்டார். தொலைபேசியில் எடுத்த அறை என்பதால் அவர் வாங்கி முடித்த சங்கதி எந்தச் செயலிக்கும் தெரியாது. அதன் குறிப்பில் அவர் இன்னும் பார்த்துவிட்டு வாங்காமல் போனவர்தான்.

நவம்பர் கடைசியில் கனடாவிலிருந்து ஒரு ஸ்கிரீன்ஷொட் வந்தது. நீலக் கடல், தென்னை, "பாசிக்குடாவில் வெயில் காயுங்கள், 40% கழிவு". கீழே சின்னம்மா கேட்டிருந்தார்: "மனே, நல்ல மலிவாக் கிடக்கு, திரும்ப வரட்டா?"

எங்கள் ஒழுங்கையில் அப்போது முழங்கால் வரை தண்ணீர். கேற்றடியில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பிவிட்டேன்.